சர்காசம் பாசியில் மாட்டாமல் கரீபியன் கடற்கரைக்குத் தேதி குறிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பெரும்பாலும் என்னிடம் கேட்பார்கள். "டிக்கெட் எடுத்தாச்சு, ஹோட்டலுக்கும் பணம் கட்டியாச்சு. இப்போ பார்த்தா கடற்கரை முழுக்கப் பாசியா கிடக்குதாம். என்ன செய்யலாம்?" அந்த நிலையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நான்கு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அதே பணத்துக்கு, அதே விடுமுறைக்கு, சுத்தமான தண்ணீரில் இறங்கியிருக்கலாம்.

நானும் முதல் முறை இப்படித்தான் மாட்டினேன். ஜூன் மாதம், மெக்சிகோவின் கரீபியன் கரை, கிழக்கு பார்த்த ஒரு ஹோட்டல். ஜன்னலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். கீழே முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறக் குவியல், அதற்கு அப்பால் இருபதடி தூரத்துக்குத் தேநீர் நிறத்தில் தண்ணீர். குழந்தைகள் ஐந்து நாளும் நீச்சல் குளத்திலேயே கிடந்தார்கள். படகில் அரை மணி நேரத்துக்குள் கண்ணாடி மாதிரி கடல் இருந்தது என்பதை ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பல பயணங்களை, என்னுடையதையும் நண்பர்களுடையதையும், திட்டமிட்டுப் பார்த்ததில் ஒன்று உறுதியானது. இதில் வரிசைதான் முக்கியம். எல்லோரும் ஹோட்டலில் தொடங்கிப் பாசியில் முடிக்கிறார்கள். மாதம், கரையின் திசை, மாற்று நீர்நிலை, ரத்து விதி, கடைசியாகத்தான் ஹோட்டல் என்று போக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. வருவது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பேசுவது சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியைப் பற்றி. மெக்சிகோ பக்கம் சர்காசோ என்பார்கள். இது தரையில் ஒட்டி வளர்வதில்லை. வாழ்நாள் முழுக்க மிதந்துகொண்டே இருக்கும். ஒரு கொத்து உடைந்தால் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாக வளரும். புதிதாக ஒதுங்கிய கொத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பொன்பழுப்பு நிறம், இலைகளுக்கு நடுவே மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள். அந்த உருண்டைகள் காற்றுப்பைகள். நசுக்கினால் 'பட்'டென்று உடையும். கொத்தை உதறினால் நகத்தைவிடச் சிறிய இறாலும் நண்டும் உதிரும். நடுக்கடலில் இது ஆமைக்குஞ்சுகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் வீடு. கரையில் குவிந்து அழுகும்போதுதான் தொல்லை.

மிதப்பது என்பதால் நீரோட்டமும் காற்றும் இழுத்த இழுப்புக்கு வரும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை அட்லாண்டிக்கின் குறுக்கே ஒரு பட்டையாக இது திரள்கிறது. 2018 ஜூனில் அந்தப் பட்டை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2 கோடி டன்னுக்கும் மேல் இருந்தது. 2025 மே மாதம் 3.75 கோடி டன் அளவுக்குப் போனது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றப் படிகள் தானாகப் புரியும். எந்த மாதம் வரும் என்பது நடுக்கடலில் அது வளரும் பருவத்தைப் பொறுத்தது. எந்தக் கரையில் ஏறும் என்பது அந்தக் கரை பார்க்கும் திசையைப் பொறுத்தது. எந்த நாளில் ஏறும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பச்சையாகவோ காய்ந்த பழுப்பாகவோ ரிப்பன் போலத் தட்டையான இழைகள் ஒதுங்கியிருந்தால் அது கடற்புல். கரையோரத் தரையில் வேர்விட்டு வளர்வது. அலை பெரிதானால் எந்த மாதமும் ஒதுங்கும். அதைப் பார்த்துவிட்டு "டிசம்பரிலும் சர்காசம்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. படத்தில் உருண்டைகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிதாக ஒன்றும் தேவையில்லை. உங்களால் போக முடிந்த தேதிகளின் பட்டியல் வேண்டும், ஒரே தேதி போதாது. குறைந்தது இரண்டு மூன்று இடைவெளிகளாவது இருக்கட்டும். வடக்குத் திசை தெளிவாகத் தெரியும் செயற்கைக்கோள் வரைபடம் வேண்டும், கூகுள் மேப்ஸ் போதும். காற்றின் திசை காட்டும் ஒரு செயலி, விண்டி மாதிரி. அப்புறம், கூட வருகிறவர்களுக்குக் கடல் எவ்வளவு முக்கியம் என்ற நேர்மையான பதில்.

அந்தக் கடைசி விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. தினமும் கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்கிற குடும்பத்துக்கும், ஒரு நாள் கடல், மீதி நாள் மாயா இடிபாடுகள், சாப்பாடு என்று இருக்கிற குடும்பத்துக்கும் ஒரே தேதி பொருந்தாது. இதை முதலிலேயே பேசாமல் போய், அங்கே போன பிறகு ஆளுக்கொரு முகமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மேற்குக் கரீபியனில், அதாவது கான்கூன், பிளாயா தெல் கார்மென், துலூம் உள்ள மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலக் கரையில், பாசி பொதுவாக மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ தொடங்கும். மே, ஜூன், ஜூலை உச்சம். ஆகஸ்டிலும் மிச்சம் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் குறைந்துகொண்டே வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலும் தண்ணீர் தெளிவு. பட்டை கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதால் பார்படோஸ், மார்டினிக் போன்ற கிழக்குத் தீவுகள் இதைக் கொஞ்சம் முன்னதாகவே பார்க்கும். மோசமான ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே அங்கே வரத்து இருக்கும்.

பாசி நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தேதி குறிக்கக் கூடாது. புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் விழும் முதல் குழி இதுதான்: "அக்டோபரில் பாசி இல்லை, விலையும் குறைவு" என்று மகிழ்ந்து போய் புக் செய்துவிடுவார்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

இன்னொரு பக்கம், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து குளிர்காற்று அவ்வப்போது இறங்கும். மெக்சிகோவில் இதை நோர்த்தே என்பார்கள். ஒரு நோர்த்தே வந்தால் இரண்டு மூன்று நாள் கடல் கொந்தளிக்கும், சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள். பாசி இருக்காது, குளிக்கவும் முடியாது. வந்த வேகத்தில் போய்விடும் என்பதால், குளிர்காலத்தில் போகிறவர்கள் நான்கு நாளுக்குப் பதில் ஏழு நாள் வைத்துக்கொண்டால் நல்ல நாட்கள் எப்படியும் கிடைக்கும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மெக்சிகோ கரைக்கு என் தேர்வு நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் நடு வரை. புயலின் உச்சம் தாண்டியிருக்கும், பாசி அடங்கியிருக்கும், கிறிஸ்துமஸ் விலையேற்றம் இன்னும் தொடங்கியிருக்காது. அது முடியாதவர்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மார்ச் முதல் பாதி ஒரு சூதாட்டம்தான். சில ஆண்டுகள் அருமையாக இருக்கும், சில ஆண்டுகள் அதற்குள் வந்துவிடும்.

பள்ளி விடுமுறை காரணமாக ஜூன், ஜூலையில்தான் போக முடியும் என்றால் மனம் தளர வேண்டாம். உங்கள் கையில் மாதம் இல்லை, திசை இருக்கிறது. அடுத்த படியைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

4. கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கரீபியனில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து காற்று வீசும். நம் மொழியில் கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். கொண்டல்தான் அங்கே பாசியைக் கொண்டுவருகிறது. வாடை, அதாவது வடகாற்று, மெக்சிகோவின் கிழக்குக் கரையிலிருந்து பாசியை விலக்கிவிடும். ஆகவே கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்த கரைகள் பாசியை நேருக்கு நேர் வாங்கும். மேற்கு பார்த்த கரைகளுக்குத் தீவே மதிலாக நிற்கும். வடக்கு பார்த்த கரைகள் நடுவில்.

வரைபடத்தைத் திறந்து, நீங்கள் நினைக்கும் கடற்கரையில் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். எதிரே எந்தத் திசை? இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகாது. ஆனாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. "கான்கூனில் பாசி இருக்கிறதா?" என்று ஊர்ப் பெயரை வைத்துக் கேட்கிறார்கள்.

கான்கூனையே எடுத்துக்கொள்வோம். அதன் ஹோட்டல் வட்டாரம் 7 என்ற எண்ணைப் போல இருக்கும். மேலே உள்ள குறுக்குக் கோடு வடக்கைப் பார்க்கிறது. லாங்கோஸ்தா, தோர்த்துகாஸ் போன்ற கடற்கரைகள் அங்கே இருக்கின்றன. கீழே இறங்கும் நீளக் கோடு கிழக்கைப் பார்க்கிறது. தெல்ஃபினெஸ் கடற்கரை அதில். ஒரே நாளில், ஒரே ஊரில், நீளக் கோட்டில் டிராக்டர் வைத்துப் பாசி அள்ளிக்கொண்டிருப்பார்கள், குறுக்குக் கோட்டில் குழந்தைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜூனில் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு விடுமுறையையே காப்பாற்றும்.

அதே மாநிலத்தில் இன்னும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இஸ்லா முஹேரெஸ் தீவின் வடமேற்கு முனையில் உள்ள பிளாயா நோர்த்தே, உச்சப் பருவத்திலும் பெரும்பாலான நாட்களில் தெளிவாக இருக்கும். கொசுமெல் தீவின் மேற்குப் பக்கமும் அப்படித்தான். ஊர், படகுத்துறை, பவளப்பாறைகளுக்கு மூழ்கப் போகும் இடங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அதே கொசுமெலின் கிழக்குப் பக்கம் போனால் பாசி குவிந்து கிடக்கும். மூன்றாவது, யுகத்தான் தீபகற்பத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள ஹோல்போஷ் தீவு. மறுபக்கம், பிளாயா தெல் கார்மென், அகுமால், துலூம், மஹாவால் எல்லாம் திறந்த கிழக்குக் கரைகள். பருவத்தில் அங்கே தங்குவதென்றால் கடலுக்காகப் போகாதீர்கள்.

தீவுகளிலும் கணக்கு இதேதான். பார்படோஸில் பாத்ஷீபா உள்ள கிழக்குக் கரை வாங்கும், ஹோல்டவுன் உள்ள மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிக்கும். ஜமைக்காவில் மேற்கு முனையிலுள்ள நெக்ரில், கிராண்ட் கேமன் தீவில் மேற்கைப் பார்த்த செவன் மைல் பீச், அரூபாவில் மேற்குப் பக்கத்து ஈகிள் பீச், பாம் பீச் எல்லாம் இந்தக் காரணத்தால்தான் பாதுகாப்பானவை. டொமினிக்கன் குடியரசின் புந்தா கானா கிழக்கு முனை. விளம்பரத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் மே முதல் ஆகஸ்ட் வரை யோசித்துப் போங்கள். மார்டினிக்கிலும் குவாதலூப்பிலும் அட்லாண்டிக் பக்கத்தை விட்டுக் கரீபியன் கடல் பக்கம் தங்குங்கள்.

அரூபாவுக்கும் அதன் பக்கத்துத் தீவு குராசாவோவுக்கும் இன்னொரு வசதி உண்டு. வெகுதெற்கே இருப்பதால் புயல்களின் வழக்கமான பாதைக்கு வெளியே இருக்கின்றன. செப்டம்பரில்தான் விடுமுறை என்றால் அங்கேதான் முதலில் பார்ப்பேன்.

மேற்குப் பக்கம் என்றால் ஒரு துளியும் வராது என்று அர்த்தம் இல்லை. காற்று திரும்பினால், நீரோட்டம் தீவைச் சுற்றி வளைந்தால், ஒன்றிரண்டு நாள் ஒதுங்கும். ஆனால் அது அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ போய்விடும். கிழக்குக் கரையில் இன்று அள்ளினால் நாளை மறுபடி வந்து நிற்கும். அதுதான் வேறுபாடு.

இன்னொன்று, நோர்த்தே அடிக்கும் குளிர்கால நாட்களில் இந்தக் கணக்கு தலைகீழ். வடக்கு பார்த்த கரைகளில் அலை புரளும். ஜனவரியில் போகிறவர்கள் பாசிக்குப் பயந்து வடக்குக் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

5. மாற்று நீர்நிலையைச் சேர்த்தே திட்டமிடுங்கள்

பருவத்தில் போகிறீர்கள் என்றால், கடல் கைவிட்டால் எங்கே குளிப்பது என்பதை ஹோட்டலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். காரணம் எளிது: தங்கும் இடம் அந்த மாற்றுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது மாற்று. இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் வண்டிக்குக் காசு கொடுத்து அலுத்துப்போவீர்கள்.

யுகத்தானில் இதற்குக் குறைவே இல்லை. சுண்ணாம்புப் பாறை இடிந்து உருவான நன்னீர்க் குளங்களைச் செனோட்டே என்பார்கள். துலூம் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். தண்ணீர் ஆண்டு முழுக்கச் சில்லென்று, 25 டிகிரி அளவில் இருக்கும். பல இடங்களில் இறங்கும் முன் ஷவரில் குளிக்கச் சொல்வார்கள்; சன்ஸ்கிரீன் அந்த நீரில் கலக்கக் கூடாது என்பதற்காக. தெற்கே பகாலார் ஏரி இருக்கிறது, நன்னீர், பாசிக்கு அங்கே வழியே இல்லை. கான்கூனிலிருந்து இஸ்லா முஹேரெஸுக்கும், பிளாயா தெல் கார்மெனிலிருந்து கொசுமெலுக்கும் படகு நாள் முழுக்க ஓடும்.

ஜூலையில் போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஆறு இரவு இருந்தால் நான்கை இஸ்லா முஹேரெஸிலோ கொசுமெலிலோ வையுங்கள், இரண்டைச் செனோட்டே பக்கம் வையுங்கள். ஆறையும் கிழக்குக் கரை ஹோட்டல் ஒன்றில் முன்பணமாகக் கட்டிவிடாதீர்கள்.

6. பணம் கட்டும் முன் ரத்து விதியைப் படியுங்கள்

பாசிக்காக ஹோட்டல்கள் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. இயற்கையாக நடப்பது, எங்கள் பொறுப்பில்லை என்று விதிமுறையில் எழுதியிருப்பார்கள். சாதாரணப் பயணக் காப்பீடும் பாசியை ஒரு காரணமாக ஏற்காது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற வகைக் காப்பீடு உண்டு. அதிலும் முழுப் பணம் வராது, கட்டியதில் பாதி முதல் முக்கால் பங்கு வரை வரும். முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் அதை வாங்கியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பாசிச் செய்தி பார்த்த பிறகு தேடினால் காலம் கடந்திருக்கும்.

அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் கடைசி வாரம் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை எடுங்கள். அந்தக் கூடுதல் தொகையை நான் காப்பீட்டுக் கட்டணமாகவே நினைக்கிறேன். விமான டிக்கெட்டை மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை. கான்கூனில் இறங்கினால் அங்கிருந்து பாசி இல்லாத இடத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். மாறும்படி இருக்க வேண்டியது அறைதான்.

சரி, ரத்து செய்ய வேண்டிய கடைசி நாளை அப்போதே நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டலும் வையுங்கள். இலவச ரத்து இருந்தும் நாளைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் பாசியைவிடப் பெரிது.

7. மூன்று முறை பாருங்கள்: எட்டு வாரம், இரண்டு வாரம், மூன்று நாள்

எட்டு வாரம் முன்னால் பார்க்க வேண்டியது மொத்தப் படம். தென்ஃபுளோரிடா பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாதமும் சர்காசம் நிலவர அறிக்கை வெளியிடுகிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்தக் கடற்பகுதியில் எவ்வளவு, சென்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டால் கூடுதலா குறைவா, அடுத்த மாதம் எப்படி என்று அதில் இருக்கும். கிழக்குக் கரீபியன் தீவுகளுக்கு மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் பார்படோஸ் வளாகம் தனி அறிக்கை தருகிறது. இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது சாதாரண ஆண்டா, கனத்த ஆண்டா?

தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கோடி டன் என்பது மொத்தக் கடலின் கணக்கு, உங்கள் கடற்கரையின் கணக்கு அன்று. 2023 வசந்தத்தில் ஃபுளோரிடாவுக்குப் பெரும் பாசித்திரள் வருகிறது என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. ஜூனில் மெக்சிகோ வளைகுடாவில் அளவு எதிர்பாராமல் சரிந்தது. பயந்து ரத்து செய்தவர்கள் அந்தக் கோடையை வீணாக இழந்தார்கள்.

இரண்டு வாரம் முன்னால் கரைக்குப் பக்கத்தில் பாருங்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, கரை வாரியாகப் பாசி ஏறும் அபாயத்தை வண்ணத்தில் காட்டும் வரைபடத்தை வெளியிடுகிறது. கரையைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் எவ்வளவு மிதக்கிறது என்பதை வைத்து அது கணிக்கப்படுகிறது. கிந்தானா ரோ கரைக்கு அங்குள்ள சர்காசோ கண்காணிப்பு வலையமைப்பு பருவத்தில் கடற்கரை வாரியாக நிற வரைபடம் போடுகிறது. இதில் உங்கள் கடற்கரையை மட்டும் பார்க்காமல் அக்கம்பக்கம் நான்கைந்தைச் சேர்த்துப் பாருங்கள். எல்லாமே சிவப்பென்றால் அறையை மாற்றும் நேரம் இதுதான். ஒன்று சிவப்பு, பக்கத்தில் பச்சை என்றால் போகலாம், பக்கத்துக் கடற்கரைக்கு நடந்துவிடலாம்.

மூன்று நாள் முன்னால் காற்றையும் நேரடிக் கேமராவையும் பாருங்கள். காற்றுச் செயலியில் கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து நாள் முழுக்க அழுத்தமாக வீசினால் கிழக்குக் கரைக்கு வரத்து தொடரும். அம்புக்குறியைத் தலைகீழாகப் படிக்காதீர்கள். கிழக்குக் காற்று என்றால் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுவது.

கேமராவை மாலையில் பார்ப்பதால் பயனில்லை. அதற்குள் ஹோட்டல் ஆட்கள் அள்ளி முடித்திருப்பார்கள், கரை பளிச்சென்று இருக்கும். அங்கே விடிந்த நேரத்துக்குப் பாருங்கள். இரவு முழுக்க எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து விடியலில் பார்த்தால் வரத்து கூடுகிறதா குறைகிறதா என்பதும் பிடிபடும்.

8. ஹோட்டலிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"பாசி இருக்கிறதா?" என்று கேட்டால் "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்று பதில் வரும். அது பொய்யாகாது, ஆனால் உங்களுக்கு உதவாது. நான் இப்படிக் கேட்கிறேன்: கடலில் தடுப்பு வலை போட்டிருக்கிறீர்களா? காலையில் எத்தனை மணிக்கு அள்ளி முடிப்பீர்கள்? அள்ளியதைக் கரையிலேயே புதைப்பீர்களா, வண்டியில் வெளியே கொண்டுபோவீர்களா? நேற்றுக் காலை எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கரையிலேயே விட்டால் இரண்டு நாளில் அழுகத் தொடங்கி நாற்றம் வரும்; தண்ணீரின் நிறம் எப்படி இருந்தாலும் அறையில் உட்கார முடியாது. நேற்றைய படத்தைத் தயங்காமல் அனுப்பும் இடத்தை நம்பலாம். பழைய விளம்பரப் படத்தையே திருப்பி அனுப்பினால் பதில் புரிந்துவிடும்.

விருந்தினர் விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, கடைசிப் பத்து நாள் மட்டும் படியுங்கள். சென்ற ஆண்டு ஜூலையில் எழுதியதை வைத்து இந்த ஆண்டு டிசம்பரை முடிவு செய்வதில் பொருளே இல்லை.

9. போய் இறங்கிய பிறகு

கடல் திட்டங்களை முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். செனோட்டே எங்கும் ஓடிப்போகாது. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் காற்றையும் கரையையும் பார்த்துவிட்டு அன்றைய திட்டத்தை முடிவு செய்யுங்கள். முன்கூட்டியே நாள் குறித்துப் படகுக்குப் பணம் கட்டுவதைவிட, முந்தின நாள் மாலை முடிவு செய்வது நல்லது.

மெல்லிய கோடாகக் கொஞ்சம் பாசி இருந்தால் கடந்து போய் நீந்தலாம், அதனால் கெடுதல் இல்லை. கொத்துகளுக்கு நடுவே நீந்தாதீர்கள். அதில் ஒட்டி வாழும் சிறு உயிர்களும் சிறு ஜெல்லி மீன்களும் தோலில் அரிப்பை உண்டாக்கும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, நீச்சல் உடையை அலசிவிடுங்கள். உடைக்குள் மாட்டிக்கொண்ட துணுக்குகள்தான் அரிப்பைக் கூட்டும்.

அழுகும் குவியலிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அந்த அழுகிய முட்டை நாற்றம் அதுதான். திறந்த வெளியில் நடந்து கடப்பதில் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் குவியல் பக்கம் உட்காரக் கூடாது. அறைக்குள் நாற்றம் வந்தால், தலை வலித்தால், கண் எரிந்தால், உடனே வரவேற்பில் சொல்லிக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்து அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் முறை போனபோது என் மனைவியின் வெள்ளிக் கொலுசு நான்கு நாளில் கறுத்துப்போனது. அந்த வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். இப்போதெல்லாம் வெள்ளி நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

பாசியைச் சமைத்துப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடலிலிருந்து ஆர்செனிக் போன்றவற்றை இது உறிஞ்சி வைத்திருக்கும். குழந்தைகள் குவியலைத் தோண்டி விளையாடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை மெக்சிகோவின் அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிடும். குறியிட்டு வேலி கட்டிய இடங்களுக்குள் போகாதீர்கள்.

இவ்வளவு பார்த்துப் போயும் ஒரு காலை கரை முழுக்கப் பழுப்பாக விடியலாம். அன்றைக்கு ஹோட்டல் கரையிலேயே நாற்காலி போட்டுக் காத்திருக்காதீர்கள். கிழக்கிலிருந்து வீசும் காற்று மதியத்துக்குள் திரும்பப்போவதில்லை. தின்றுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு, தீவின் மேற்குக் கரைக்குப் போகும் முதல் படகைப் பிடியுங்கள்.